சுவர் காயும் வரை

கொழும்பை ஒட்டிய கொலன்னாவையில் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் வீட்டுச் சுவர்களில் ஒரு பழுப்புக் கோடு ஓடுவதைப் பார்க்கலாம். 2025 நவம்பர் கடைசியில், டித்வா புயலோடு களனி கங்கை பெருகி வந்தபோது தண்ணீர் நின்ற மட்டம் அது. வெள்ளையடிக்காமல் விடப்பட்ட சில பின்சுவர்களில் இன்னொரு கோடும் மங்கலாகத் தெரிகிறது. அது 2016 மே மாத வெள்ளத்தினுடையது என்றார்கள் வீட்டுக்காரர்கள். நாகலகம் வீதி அளவுகோலில் ஆறு 5 அடியைத் தொட்டால் சிறு வெள்ளம், 7 அடியைத் தொட்டால் பெருவெள்ளம் என்பது கணக்கு. அந்தக் கணக்கை இங்கே சின்னப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்லுகிறார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு வீடுகளைத் திருத்தும் கைகளைப் பார்க்க வேண்டுமென்று ஒரு மேசனோடு சேர்ந்து போனேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பதின்ம வயதில் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மேசனிடம் கையாளாகச் சேர்ந்தவர். பல வருடம் மணல் அரித்துச் சாந்து குழைத்த பிறகுதான் சாந்தகப்பை அவருடைய கைக்கு வந்ததாம். அவருடைய பையில் சாந்தகப்பை, மட்டக்கோல், தூக்குக்குண்டு, மூலைமட்டம், இரண்டு உளி, ஒரு சுத்தியல், தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் எல்லாம் இருந்தன. முதல் வீட்டில் அவர் வெளியே எடுத்தது அளவு நாடாவை மட்டும்.

ஹோலின் நான்கு மூலைகளிலும் அந்தப் பழுப்புக் கோட்டிலிருந்து தரை வரைக்கும் அளந்தார். மூன்று மூலைகளில் ஏறக்குறைய ஒரே அளவு. பின்பக்க மூலையில் மட்டும் இரண்டு அங்குலம் அதிகம். "தண்ணி பொய் சொல்லாது தம்பி. அது நின்ன எடம் மட்டம். அப்ப எறங்குனது தரைதான். குசினின்னா தண்ணி ஓட வாட்டம் விட்டிருப்பாங்க, ஹோலுக்கு எதுக்கு வாட்டம்?" என்றார். வீட்டுக்காரர் கவலைப்பட்டுக் காட்டியதெல்லாம் சுவரில் உப்பிய பெயின்டை. மேசன் கண்டது தரை இறங்கியதை. வெள்ளம் போட்டுவிட்டுப் போன கோட்டையே மட்டப்பலகையாகப் பிடித்து ஒரு வீட்டின் நோயைக் கண்டுபிடிக்கலாம் என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

இந்தப் பகுதியின் பெரும்பங்கு நிலம் சதுப்பு. மண் கொட்டி நிரப்பி வீடு கட்டினாலும், அடியில் இருக்கும் மக்கிய மண் பாரம் ஏற ஏற அமுங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்து மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதை யாரும் மறக்கவில்லை. அங்கும் மேட்டின் பாரத்தைத் தாங்க முடியாமல் போனது இதே இளகிய நிலந்தான். ஆகவே கொலன்னாவையில் சுவர் வெடித்திருந்தால் வெடிப்பில் சாந்து பூசுவதோடு வேலை முடிவதில்லை. வெடிப்பு வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று முதலில் தெரிய வேண்டும். மேசன் வெடிப்பின் குறுக்கே கொஞ்சம் சாந்து அப்பி, அதன்மேல் ஆணியால் திகதியைக் கீறிவிட்டார். சில கிழமைகளில் அந்தச் சாந்தும் பிளந்தால் வீடு இன்னும் அசைகிறது என்று அர்த்தம்.

பிறகு சாந்தகப்பையின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். உறுதியான இடத்தில் கணீரென்ற சத்தம். பூச்சு கல்லைவிட்டுக் கழன்ற இடத்தில் பொள்ளலான சத்தம். பொள்ளலான இடங்களைக் கரியால் வளைத்துக் குறித்தார். அவற்றை மட்டும் உடைத்தால் போதும், முழுச் சுவரையும் கொத்தத் தேவையில்லை. ஈரமோ பழுப்புக் கோட்டோடு நிற்கவில்லை. திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல் தண்ணீரை மேலே இழுத்து, கோட்டுக்கு மேலேயும் ஓரடி உயரத்துக்குச் சுவர் கறுத்துக் கிடந்தது.

"எப்ப பூசலாம் அண்ணே?" என்று கேட்டேன்.

"இப்ப பூசவே கூடாது. காயட்டும்."

வீட்டுக்காரருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. வீட்டைத் துப்புரவாக்க அரசாங்கம் 25,000 ரூபா கொடுத்திருந்தது. அது செலவழிந்து போகுமுன் பெயின்ட் அடித்துவிட நினைத்தார். அடுத்த வீட்டில் அப்படித்தான் அடித்திருந்தார்கள். தைப்பொங்கலுக்கு அடித்த இளம்பச்சை, மாதம் முடியுமுன் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் தோலாக உரிந்தது. உள்ளே உப்புப் பூத்து வெள்ளை மா போல உதிர்ந்தது. ஈரம் வெளியேறும்போது சுவரிலுள்ள உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து மேற்பரப்பில் விட்டுவிட்டு ஆவியாகிறது. அந்த வழியைப் பெயின்டால் அடைத்தால் அது பெயின்டைத் தள்ளிக்கொண்டுதான் வரும். கட்டடக்காரர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு: நனைந்த சுவர் ஓர் அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு மாதம் வேண்டும். கொழும்பின் ஈரக் காற்றில் அதைவிடக் குறைவாகக் கணக்குப் போடுவது சரியல்ல.

காய்ந்ததா என்று பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை. ஒரு முழம் பொலித்தீனைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டிவிட்டு, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. இது எல்லா வீட்டுக்காரரும் தாங்களே செய்யக்கூடிய சோதனை.

கதவிலும் இதே பொறுமைதான். தண்ணீரில் ஊறிய பலாமரக் கதவு நிலையில் சிக்கி மூட மறுக்கிறது. உடனே சீவுளியால் இழைத்துவிட்டால், மரம் காய்ந்து சுருங்கும்போது விரல் நுழையுமளவு இடைவெளி விழும். தச்சு வேலை செய்யும் ஓர் இளைஞன் கதவைப் பிணைச்சலோடு கழற்றி, நிழலில் நான்கு கற்களின்மேல் கிடத்தி, நடுவில் பாரம் வைத்துக் காயவிட்டிருந்தான். வெயிலில் வைத்தால் கோணிவிடுமாம். பலாவும் தேக்கும் இப்படி மீண்டு வரும். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த அலுமாரிகள் மீளா. அவை தெருவோரம் குவிந்து கிடந்தன. தவணைக்கு வாங்கிய பொருட்கள், தவணை முடியுமுன் குப்பையாகியிருந்தன.

மின்சாரத்தில்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. ஒரு வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்க, வீட்டுக்காரர் திரும்பத் திரும்ப அதைத் தூக்கிக்கொண்டிருந்தார். வயரிங் வேலைக்கு வந்த நானா அவரைத் தடுத்து மெயின் சுவிட்சை நிறுத்தினார். "அது உங்கட உயிரைக் காப்பாத்தத்தான் விழுகுது. தொறந்து பாக்காம ஒண்டும் சொல்லேலா" என்றார். பிளக் பேஸைக் கழற்றினால் உள்ளே காய்ந்த சேறு, பச்சை பூத்த செம்பு. வீடுகளில் போடும் ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் 30 மில்லியம்பியர் கசிவுக்கே விழும்படி செய்யப்பட்டது. அதைக் கம்பியால் தாண்டிவிட்டு வெளிச்சம் வாங்கிய வீடுகளும் உண்டு என்று நானா வருத்தப்பட்டார். அவர் மெகரை இணைத்து ஒவ்வொரு வயராகச் சோதித்தார். 500 வோல்ட் கொடுத்து, காப்புறை தாங்குகிறதா என்று பார்க்கும் கருவி அது. ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டிய வயர்களை உருவிப் போட்டார். தண்ணீருக்குள் போன பிளக் பேஸ்களைத் துடைத்துத் திரும்பப் போட அவர் சம்மதிக்கவில்லை. பழைய உருண்டைப் பின் பிளக் பேஸ்களை மாற்றி, இப்போதைய 13 அம்பியர் சதுரப் பின்னுக்கு வரவும் இதுவே சந்தர்ப்பம் என்றார். புதியவற்றைக் கோட்டுக்கு மேலே, மார்பளவு உயரத்தில் பொருத்தச் சொன்னார். வெள்ளம் வரும் ஊரில் வயரிங் மேலிருந்துதான் இறங்க வேண்டும்.

வேலைக் கருவிகள் வாங்க இவர்கள் போவது பழைய சோனகத் தெருவுக்கு. கொழும்பு 12இல் ஹாட்வெயார் கடைகள் வரிசையாக நிற்கும் தெரு அது. 2022இல் ஒரு மூடை சீமெந்து 3,000 ரூபாவைத் தாண்டிய நாட்களுக்குப் பிறகு, வீட்டுக்காரர்களே ட்ரில், கிரைண்டர் வாங்க வருவது கூடியிருக்கிறது என்றார் ஒரு கடைக்காரர். அது நல்ல விடயம். பைப்பின் வோஷரை மாற்றுவது, தளர்ந்த பிணைச்சலை இறுக்குவது, ரோல்பிளக் அடித்துத் தட்டுப் பொருத்துவது எல்லாம் நாமே கற்கக்கூடியவை, கற்க வேண்டியவை. ஆனால் வயரிங்கைத் தொடாதீர்கள். அஸ்பெஸ்டஸ் சீட்டைக் கிரைண்டரால் உலர வெட்டாதீர்கள், வேறெவரையும் அப்படி வெட்ட விடாதீர்கள். அந்தத் தூசு புற்றுநோய் தரும். நான் பார்த்த கூரை வேலைக்காரர் எவரும் முகக்கவசம் போட்டிருக்கவில்லை.

இந்த மனிதர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கிடையாது. நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு முதலாளி 12 சதவீதம் போடுகிறார். வீடு வீடாகப் போகும் மேசனுக்கு முதலாளி என்று ஒருவரே இல்லை. மழை பெய்தால் கூலி இல்லை, முதுகு பிடித்தால் கூலி இல்லை. அனுபவத்தைக் கணக்கில் எடுத்து தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை அதைச் செய்கிறது. மேசனுக்கு அது தெரியும். போய்வர ஒரு நாள் கூலியை விட வேண்டுமே என்று தள்ளிப்போட்டு வந்திருக்கிறார்.

இதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. அன்று அவர் பல வீடுகளுக்கு ஏறி இறங்கினார். அளந்தார், தட்டினார், குறித்தார். எல்லா இடத்திலும் சொன்ன பதில் ஒன்றுதான்: இப்போது செய்யாதீர்கள், காயட்டும். அந்த அறிவுரை ஒவ்வொரு வீட்டுக்கும் ஆயிரக்கணக்கான ரூபாவை மிச்சப்படுத்தும். ஆனால் ஒரு வீட்டிலும் அவருக்குக் காசு கிடைக்கவில்லை, தேநீர் கிடைத்தது. சாந்து பூசினால்தான் கூலி. பூசாதே என்று சொன்னால் வெறுங்கை. அதனால்தான் பலர் ஈரச் சுவரில் பூசிவிட்டுப் போகிறார்கள். அடுத்த நாள் அடுப்பெரிய வேண்டிய மனிதரைக் குறை சொல்லி என்ன பயன்?

வைத்தியர் மருந்து தராமல் ஓய்வெடுக்கச் சொன்னாலும் அவருக்குரிய கட்டணத்தைக் கொடுக்கிறோம். உங்கள் வீட்டைப் பார்க்க ஒரு மேசனையோ வயரிங்காரரையோ கூப்பிட்டால், வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், பார்த்துச் சொன்னதற்காக அரைநாள் கூலியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.