டேக் பொத்தானை அணைத்தவன் நான்

அன்றிரவு நேரலைக்கு நடுவே சோதனைக்கான வண்ணப்பட்டைகள் வானலையில் போனதற்குக் காரணம் நான். பழியைச் சுமந்தவர், எனக்குப் பின் ஷிப்டுக்கு வந்த இளைஞர். என்னை அண்ணே என்று கூப்பிடுவார். என்னைப் போல அவருக்கும் வீடு சிங்கப்பூரின் ஈசூனில்தான்.

நாங்கள் ரவுட்டர் என்று சொல்வது, நிலையத்துக்குள் வரும் எல்லாப் படங்களையும் ஒலிகளையும் வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடும் பெரிய இயந்திரத்தை. கேமரா, ஸ்டூடியோ, செயற்கைக்கோள் வழி வரும் படம் எல்லாம் சோர்ஸ். அவை போய்ச் சேரும் இடம் டெஸ்டினேஷன். படத்தையும் ஒலியையும் தனித்தனி அடுக்காகப் பிரித்தும் அனுப்பலாம். தேசிய தின அணிவகுப்பின் ஒரே படம், தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு வர்ணனையோடு வீடுகளுக்கு வருகிறதே, அப்படிப்பட்ட வேலைக்கு இந்தப் பிரிப்பு வேண்டும்.

இதையெல்லாம் ஆள்வது கை அகலப் பேனல் ஒன்று. ஒரு முறையில் அது ஒரே டெஸ்டினேஷனுக்கு மட்டும் வேலை செய்யும். பொத்தான்கள் எல்லாம் சோர்ஸ்தான். இன்னொரு முறையில் முதலில் டெஸ்டினேஷனைத் தேர்ந்தெடுத்து, பிறகு சோர்ஸைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் டேக் பொத்தானை அழுத்த வேண்டும். டேக் அழுத்தும்வரை எதுவும் மாறாது. கை தவறினால் திருத்திக்கொள்ள அந்த ஒரு நொடிதான் அவகாசம். டேக்கை அணைத்துவிட்டால், சோர்ஸைத் தொட்டதுமே படம் மாறிவிடும். மாற்றம் இரண்டு பிரேம்களுக்கு இடையிலுள்ள, திரையில் தெரியாத கோடுகளில் நடப்பதால் படம் துள்ளாது, கலங்காது. தவறான படமும் அதே சுத்தத்தோடுதான் போகும்.

நான் டேக்கை அணைத்து வைத்தேன். செய்திக்கு முன் வரிசையாகப் படங்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை அழுத்துவது எனக்கு எரிச்சலாக இருந்தது. பல வருட அனுபவம், என் கை தவறாது என்று நம்பினேன். என் கை தவறவில்லை என்பதும் உண்மை. ஆனால் பேனல் என் கைக்கு மட்டும் உரியதல்ல. ஷிப்டு மாறும்போது அதைப் பழைய முறைக்குத் திருப்பி வைக்க வேண்டும், மாற்றியதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. வடக்கு தெற்குப் பாதையின் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

அந்தத் தம்பி, அடுத்து வரவேண்டிய ஸ்டூடியோ தயாரா என்று பார்ப்பதற்காக ஒரு சோர்ஸைத் தொட்டிருக்கிறார். டேக் அழுத்தாதவரை ஆபத்தில்லை என்றுதான் அவருக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தோம். சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பேனலில் அப்போது டெஸ்டினேஷனாக நின்றிருந்தது, வானலைக்குப் போகும் ஒளிபரப்பு வரி. படம் போய் வண்ணப்பட்டைகள் வந்தன.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். "நான் கிளம்பும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது" என்றேன். அப்பட்டமான பொய். வேகத்துக்காக டேக்கை அணைத்ததைக் குணக்குறை என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். இந்தப் பொய் அதற்கும் கீழே. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த சமயம் அது. அவருக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை கிடைத்தது. பிறகு அவர் பேனலைத் தொடும்போதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்தார். அப்படி நின்றவர்களில் நானும் உண்டு. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

இந்த ஆண்டு பங்குனி உத்திரத்தன்று, ஈசூன் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் அவரைப் பார்த்தேன். வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். ஓரமாகக் கூப்பிட்டு, டேக்கை அணைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சற்று யோசித்துவிட்டு, "ஒளிபரப்பு வரிக்கு எப்போதும் லாக் போட்டிருக்குமே அண்ணே, அது எப்படித் திறந்திருந்தது?" என்றார்.

லாக் போட்ட டெஸ்டினேஷனில் சோர்ஸை மாற்ற முடியாது. அது இருந்திருந்தால் டேக் அணைந்திருந்தும் ஒன்றும் ஆகியிருக்காது. மாலையில் மாற்றுப் படம் ஒன்றைக் கொடுப்பதற்காக அந்த லாக்கை எடுத்தவனும் நான்தான், திரும்பப் போடவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, "நினைவில்லை தம்பி" என்றேன். அதுவும் பொய். இந்தக் கட்டுரை அச்சில் வருவதற்கு முன்பே இதை அவருக்கு அனுப்பிவிட்டேன்.