சார்ஜ் போடப் போய் பாட்டைத் தொலைத்த கதை

போகிக்கு பீரோவைக் குடைஞ்சுட்டிருந்தப்போ ஒரு பழைய கைக்குட்டைக்குள்ள என்னமோ தட்டுப்பட்டுச்சு. பிரிச்சா, நம்ம ஐபாட்! வெள்ளிக் கலர் நானோ, ரெண்டாம் தலைமுறை, 4 ஜிபி. பக்கத்துல நின்ன அக்கா பொண்ணு, "என்ன மாமா இது, ஏதாவது ரிமோட்டா?"ன்னு கேட்டா. அவ வேலை பார்க்கிறது ஓசூர் பக்கத்துல டாடா எலக்ட்ரானிக்ஸ்ல. ஐபோனுக்கு மேல்கூடு செய்யற இடம். அவளுக்கே இது என்னன்னு தெரியலை. கொள்ளுத்தாத்தா போட்டோவைப் பார்த்து பேத்தி யாருன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க மக்களே.

2007-ல் நான் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வந்துட்டிருந்தேன். ஒரு நடைக்கு 50 கிலோமீட்டர். முதல் ஷிப்டுன்னா விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும். சூளகிரி வரைக்கும் பஸ்ஸே தூங்கும். அதுக்கப்புறம் டிரைவர் அவருக்குப் பிடிச்ச பாட்டைப் போடுவார். அவருக்குப் பிடிச்சது எனக்குப் பிடிக்காது. அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா பையன் இந்த நானோவைக் கையில கொடுத்தப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அதுக்கு முன்னாடி எங்கிட்ட இருந்தது பென் டிரைவ் மாதிரி ஒரு பிளேயர். பாட்டை இழுத்துப் போட்டா பாடும், அவ்வளவுதான். ஐபாட் அப்படி இல்ல. ஐட்யூன்ஸ் வழியாத்தான் எல்லாம் போகணும். பாட்டு எங்கிருந்து வரும்? பிளாட்பாரத்துல வித்த எம்பி3 சிடியிலிருந்துதான். காசு கொடுத்து வாங்கலாம்னு நினைச்சாலும், ஐட்யூன்ஸ் கடை இந்தியாவுக்கு வந்ததே 2012 டிசம்பர்ல. அந்த சிடிக்காரங்க பேர் எழுதற அழகு இருக்கே! இங்கிலீஷ்ல ஒரு 'ஏ' கூடப் போட்டா ஒரு இளையராஜா, ஒரு 'ஐ' குறைஞ்சா இன்னொரு இளையராஜா. என் ஐபாட்ல மொத்தம் நாலு இளையராஜா இருந்தாங்க. உட்கார்ந்து ஒவ்வொண்ணா திருத்தி நாலு பேரையும் ஒருத்தராக்கறதுக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

நடுவுல ஒரு சண்டை வேற. பக்கத்து மெஷின்காரர் அத்திப்பள்ளியிலிருந்து வருவார். எங்க 'நூறாவது நாள்' படத்துப் பாட்டு ஒண்ணு அவங்க 'கீதா' படத்துலருந்து வந்ததுன்னு அவர் சொன்னார். நான் ஒத்துக்கவே இல்ல. அப்புறம் பார்த்தா கன்னடப் படம் 1981, தமிழ்ப் படம் 1984. ரெண்டுமே ராஜாதான். மனுஷன் சொன்னது சரி. ரெண்டு பாட்டையும் ஏத்திக்கிட்டேன், பாவமன்னிப்பு மாதிரி :-)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வீட்டுக் கம்ப்யூட்டர்ல 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். நிரம்பி வழிஞ்சது. 'பாட்டெல்லாம்தான் ஐபாட்ல இருக்கே, இங்க எதுக்கு'ன்னு ஐட்யூன்ஸ்ல இருந்து எழுநூத்துச் சொச்சம் பாட்டை அழிச்சேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். சுத்தமா இருந்துச்சு. மறுநாள் ராத்திரி சார்ஜ் போடறதுக்காக ஐபாடைச் சொருகிட்டு சாப்பிடப் போனேன். களி உருண்டை முடியறதுக்குள்ள ஐபாடும் சுத்தமாயிருச்சு.

தப்பு முழுக்க என்னோடதுதான். நான் அதை ஒரு பை மாதிரி நினைச்சிருந்தேன், உள்ள போட்டது உள்ள இருக்கும்னு. ஆனா தானா சிங்க் ஆகற மாதிரி வச்சிருந்தா அது கம்ப்யூட்டரில் இருக்கிறதோட நிழல்தான். அங்க சேர்ந்தா இங்கயும் சேரும், அங்க போனா இங்கயும் போகும். அதை மாத்தறதுக்கு ஒரு கட்டம் இருக்கு, பாட்டை நானே பார்த்துக்கறேன்னு டிக் பண்ணிட்டா தானா எதையும் தொடாது. பாட்டு போன அன்னிக்குத்தான் அந்த டிக்கைப் போட்டேன். அவ்வ்வ்...

இன்னொண்ணும் அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். ஐபாட்ல ஏத்தின பாட்டு ஒரு மறைஞ்ச ஃபோல்டருக்குள்ள போய் உட்காரும். அதுக்குள்ள எஃப்00, எஃப்01னு நிறைய ஃபோல்டர். பாட்டோட பேரெல்லாம் போய், சம்பந்தமே இல்லாத நாலு எழுத்துல ஃபைல் பேர் இருக்கும். பாட்டுக்கு உள்ளேயே பேரும் பாடினவரும் எழுதியிருந்தா வெளியே எடுத்தாலும் அடையாளம் தெரியும். எழுதலைன்னா அந்த நாலு எழுத்துதான் கதி.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, 2008-ல் அம்மா பாடினதை கேசட்ல பதிஞ்சேன். வீட்ல நாங்க பேசறது ஓசூர் பக்கத்துத் தெலுங்கு. அம்மா சின்ன வயசுல திருகையில ராகி திரிக்கறப்போ பாடின பாட்டு, நடுநடுவுல கன்னடமும் கலந்து வரும். எழுதிக் கேட்டா வராது. திருகை முன்னால உட்கார்ந்தாத்தான் வரும். அதனால திருகையோட சத்தமும் சேர்ந்தே பதிவாச்சு. அதைக் கம்ப்யூட்டருக்கு மாத்தி ஐபாட்லயும் போட்டேன். நாலு இளையராஜாவை ஒண்ணாக்கின நான், அம்மா பாட்டுக்கு உள்ளே பேர் எழுதலை. நம்ம வீட்டுப் பாட்டுதானே, யார்னு தெரியாதா என்ன?

கேசட்டை டேப் ரெக்கார்டர் தின்னுருச்சு. ஹார்ட் டிஸ்க் ஒருநாள் டிக் டிக்னு சத்தம் போட்டுட்டு நின்னுருச்சு. 2011-ல் அம்மா போயிட்டாங்க. ஐபாடைக் கைக்குட்டையில சுத்தி வச்சது நான்தான். அப்போ கேக்க முடியலை. அப்புறம் அது எங்க இருக்குன்னு தேடாம இருக்கறது பழகிருச்சு.

இந்த போகிக்கு கிடைச்சதும் முதல்ல கேபிள் பிரச்சினை. அந்த அகலமான 30 பின் ஒயரை ஆப்பிள் 2012-லயே மாத்த ஆரம்பிச்சாச்சு. நானோவையே 2017-ல் நிறுத்திட்டாங்க, கடைசி ஐபாடையும் 2022-ல். ஓசூர் பஜார்ல கேட்டா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. கடைசியில பெங்களூரு எஸ்.பி. ரோட்ல ஒரு கடையில தூசி தட்டிக் கொடுத்தார்.

அக்கா பொண்ணு லேப்டாப்ல சொருகினோம். பத்து நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் திரையில வெளிச்சம் வந்துச்சு. நான் தண்ணி குடிக்க எழுந்தேன். திரும்பிப் பார்த்தா அவ ஐட்யூன்ஸைத் திறந்து சிங்க் கட்டத்துல டிக் பண்ணிட்டா. இதுல இருக்கிற பாட்டெல்லாம் போய் கம்ப்யூட்டர்ல இருக்கிறது வரும், சரியான்னு கேட்டு ஒரு பெட்டி நிக்குது. அவ லேப்டாப்ல ஒரு பாட்டுகூட இல்ல.

"கையை எடு!"

நான் அவகிட்ட அப்படிக் கத்தினதே இல்ல. "என்ன மாமா, நான் ஒண்ணும் பண்ணலையே"ன்னு முகம் சுருங்கிப் போச்சு. வேண்டாம்னு அழுத்தினப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. அதுல பாட்டி குரல் இருக்குன்னு அப்பத்தான் அவகிட்ட சொன்னேன். அம்மா போனப்போ அவ ரொம்பச் சின்னப் புள்ள.

ஐட்யூன்ஸை மூடிட்டு மறைஞ்ச ஃபோல்டரைத் திறந்து முழுசையும் லேப்டாப்புக்குக் காப்பி பண்ணினோம். 812 பாட்டு. உள்ளே பேர் இல்லாதது 63. ஆளுக்கு ஒரு காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா கேட்டோம். பக்திப் பாட்டு, பாதியில அறுந்த குத்துப் பாட்டு, ஒரு காமெடி சீன், ராஜ்குமார், திரும்பவும் பக்திப் பாட்டு. நாப்பதைத் தாண்டினப்போ மாவரைக்கிற மாதிரி கரகரன்னு ஒரு சத்தம். "ஏதோ கெட்டுப்போன ஃபைல்"னு அவ அடுத்ததுக்குப் போகப் பார்த்தா. நான் பிடிச்சேன். அது திருகை.

கொஞ்ச நேரம் வெறும் கல்லுச் சத்தம். அப்புறம் அம்மா தெலுங்குல, "இது ஓடுதா இல்லையாடா, நான் வீணா கத்திட்டிருக்கேனா?"ங்கறாங்க. "ஓடுது, பாடும்மா"ங்கறது என் குரல். அதுக்கப்புறம் பாட்டு.

பதினோரு நிமிஷம். நாலு பாட்டு இருக்கும்னு நினைச்சிருந்தேன், மூணுதான் கிடைச்சது. மீதி ஒண்ணை நான் ஐபாட்ல ஏத்தவே இல்ல போல. இப்போ லேப்டாப்ல ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணு, அக்கா வீட்ல ஒண்ணுன்னு வச்சாச்சு. மூணும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது, நானே பார்த்துட்டேன். அப்புறம் ஒவ்வொரு ஃபைலா திறந்து பாடியவர்ங்கற கட்டத்துல அம்மா பேரை முழுசா அடிச்சேன். "ஸ்பெல்லிங் ஒரே மாதிரி போடு மாமா"ன்னா அக்கா பொண்ணு.