எட்டுப் பேரில் ஏழு பேர்

ஒரு சர்வர் செத்துப்போகும்போது கடைசியாக என்ன செய்யும்? அப்படியே அணைந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வங்கிகளிலும் டெலிகாம் நிறுவனங்களிலும் ஓடும் லினக்ஸ் மெஷின்களுக்குச் சாவதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். மெஷின் பூட் ஆகும்போதே நினைவகத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அதில் இன்னொரு கெர்னலைப் படுக்க வைத்துவிடுவோம். அதற்கு எந்த வேலையும் கிடையாது. முதல் கெர்னல் ‘இனி என்னால் ஆகாது’ என்று கைவிரிக்கும் நொடியில்தான், அதாவது பேனிக் ஆகும்போதுதான், அது எழுந்திருக்கும். பயாஸ் பக்கம் போகாமல் நேரே தாவுவதால் பழைய நினைவகம் அழியாமல் கிடக்கும். எழுந்த கெர்னல் அதை ஒரு கோப்பாகப் படித்து, வட்டில் எழுதி வைத்துவிட்டு, மெஷினை ரீபூட் செய்யும்.

இந்த ஏற்பாட்டின் பெயர் கேடம்ப். 2005-இல், லினக்ஸ் 2.6.13-இல் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில் இதை விளக்கிய கட்டுரையை எழுதியவர்களில் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா இருவரும் அப்போது ஐபிஎம்மின் இந்தியப் பிரிவில் இருந்தவர்கள். நம்ம பக்கத்து ஆட்கள் கைவைத்த வேலை என்பதில் எனக்கு ஓர் அல்பப் பெருமை உண்டு.

அப்படி எழுதி வைக்கப்பட்ட கோப்புகளைப் படிப்பதுதான் என் பிழைப்பு. அம்மாவிடம் ஒருமுறை “பிரேதப் பரிசோதனை மாதிரிம்மா” என்று சொல்லப்போக, “இம்புட்டுப் படிச்சும் வேற நல்ல வேலையே கெடைக்கலையா?” என்று கேட்டார்.

*

பிரேதப் பரிசோதனையில் முதல் கேள்வி: சாகும் நொடியில் யார் எங்கே நின்றார்கள்? எட்டு சிபியு உள்ள மெஷின் என்றால் எட்டும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். பேனிக் ஆன சிபியு மற்றவற்றுக்கு ஒரு குறுக்கீட்டை அனுப்பும். நம் வழக்கமான இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் அது என்எம்ஐ வகைக் குறுக்கீடு. காதைப் பொத்திக்கொண்டு வேலை பார்க்கும் சிபியுவுக்கும் கேட்கும். கேட்டவுடன் ஒவ்வொன்றும் தன் ரெஜிஸ்டர்களைத் தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் எழுதி வைத்துவிட்டு நின்றுவிடும். அதற்கு நோட் என்று பெயர். எந்த வரியில் நின்றது, ஸ்டாக் எங்கே இருந்தது, அப்போது அதன் கையில் இருந்த பணியின் எண் என்ன, எல்லாம் அதில் இருக்கும். ஒன்றே ஒன்று இருக்காது. எழுதிய சிபியுவின் எண்.

எல்லா சிபியுவும் விழித்திருக்கும்வரை இது ஒரு குறையே இல்லை. எட்டு சிபியு, எட்டு நோட், வரிசையாக எண்ணிக்கொள்ளலாம். ஆனால் ஒரு சிபியுவை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப்லைனில் போட முடியும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் செய்வார்கள், பழுது என்று சந்தேகப்பட்டு ஒதுக்கி வைப்பார்கள், ஹைப்பர்த்ரெடிங் வேண்டாம் என்று பாதியை அணைப்பார்கள். ஆஃப்லைனில் இருப்பது நோட் எழுதாது. கோப்பாகத் தொகுக்கும்போது காலி நோட்டுகள் விடுபட்டு, எழுதியவை மட்டும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வந்துவிடும்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது நான்காவது பையன் வரவில்லை. ஆசிரியர் பெயரைக் கூப்பிடாமல் “உள்ளேன் ஐயா” சத்தத்தை மட்டும் எண்ணி வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாமவன் குரல் நான்காமவன் கணக்கில் ஏறும், ஆறாமவன் குரல் ஐந்தாமவன் கணக்கில். கடைசியில் வராதவன் என்று பதிவாகிறவன், முழு நேரமும் வகுப்பில் உட்கார்ந்திருந்த கடைசிப் பையன்.

*

எங்களிடம் வந்த ஒரு டம்பில் இதுவே நடந்தது. வாடிக்கையாளர் யார் என்பது இங்கே தேவையில்லை. மெஷினில் எட்டு சிபியு. 0 முதல் 7 வரை. 3-ஐ அவர்களே ஆஃப்லைனில் போட்டிருந்தார்கள். ஏதோ ஒரு பணி 120 விநாடிக்கு மேல் அசையவில்லை என்று கெர்னல் தானே பேனிக் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் ஓர் ஆட்டோமேட்டிக் ஸ்கிரிப்ட், டம்பைப் பிரித்து அறிக்கை தயாரித்து எங்களுக்கு அனுப்பியது. அறிக்கையின் சாரம்: ஐந்தாம் எண் சிபியு ஒரு பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டே நிற்கிறது, அதில் ஓடிக்கொண்டிருந்தது நெட்வொர்க் டிரைவரின் பணி.

நெட்வொர்க் டிரைவரில் கடைசியாகக் கைவைத்தவன் எங்கள் அணியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன். மெயிலில் அவன் பெயர் இரண்டு முறை வந்துவிட்டது. மூன்றாவது முறை வந்திருந்தால் அவனுடைய மேலாளரின் மேலாளர் படித்திருப்பார். நம்ம தொழிலில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நான் டம்பை வாங்கி ‘கிராஷ்’ கருவியில் திறந்தேன். டேவ் ஆண்டர்சன் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்த கருவி அது. திறந்ததும் முதல் திரையிலேயே ‘சிபியு எட்டு, அதில் ஆஃப்லைன் ஒன்று’ என்று சொல்லிவிடும். சொல்வதோடு நிற்காது, ஆன்லைன் பட்டியலைப் பார்த்து எந்த நோட் எந்த சிபியுவுடையது என்று திருப்பிப் பொருத்தியும் விடும். அந்த ஸ்கிரிப்டுக்கு இந்தப் பழக்கம் இல்லை. ஏழு நோட்டையும் 0 முதல் 6 என்று எண்ணிவிட்டு, ஏழாம் எண்ணுக்கு ‘தகவல் இல்லை’ என்று முடித்திருந்தது.

சரிபார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, நோட்டில் இருக்கும் பணியின் எண். ஸ்கிரிப்ட் ஐந்தாம் சிபியுவுடையது என்று சொன்ன நோட்டில் இருந்த எண், ஐந்தில் ஓடிய பணியின் எண்ணே இல்லை. இன்னொன்று ஸ்டாக். இந்த வகை மெஷினில் ஒவ்வொரு பணிக்கும் கெர்னலுக்குள் 16 கேபி ஸ்டாக். நோட்டில் இருந்த ஸ்டாக் முகவரி நெட்வொர்க் பணியின் 16 கேபிக்குள் விழவில்லை. ஆறாம் சிபியுவில் ஓடிய ஸ்டோரேஜ் பணியின் ஸ்டாக்குக்குள் கச்சிதமாக விழுந்தது. பூட்டுக்காகச் சுற்றி நின்றது ஆறு. அறிக்கை, ஆறின் வாக்குமூலத்தை ஐந்தின் பெயரில் எழுதியிருந்தது. பூட்டுக்குக் காத்திருக்கும் ஃபங்ஷன் எல்லா டிரைவருக்கும் பொது என்பதால், நின்ற வரியை மட்டும் பார்த்தவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பையனிடம் சொன்னேன். “அப்ப நான் இல்லையாண்ணா?” என்றான். “நீ இல்லடா, உன் பக்கத்து வீட்டுக்காரன்” என்றேன்.

*

அந்த வாரம் விருதுநகரில் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்திருந்தார். சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். எத்தனை முறை கழுவினாலும் நக இடுக்கில் அலுமினியத் தூளின் சாம்பல் மினுக்கம் கொஞ்சம் இருக்கும். “ராத்திரி முச்சூடும் என்னடா பாக்குற?” என்று கேட்டதால், ஆள் மாறிப்போன கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “இதுல என்ன இருக்கு? நானே அவ பேருலதான போறேன்” என்றார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இடுப்பு வலி. பதிவேட்டில் இருப்பது அந்த அக்காவின் பெயர். நாலு மாதமாக வேலைக்குப் போவது சித்தி. சம்பளத்தைச் சனிக்கிழமை பிரித்துக்கொள்கிறார்கள்.

“ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, சித்தி?”

“ஆச்சுன்னா யாரு இருந்து எண்ணப் போறா? போடா.”

எங்கள் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். பட்டாசு ஆலையில் ஒவ்வோர் அறைக்கும் எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து என்று வரம்பு உண்டு. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் வெடித்தபோது குறைந்தது 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்துவிட்டுச் சுற்றுக் கிராமங்களிலிருந்து உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடி வந்தவர்கள். எந்த வருகைப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருந்திருக்க வழியில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தைப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக விசாரணைக்கு எடுத்தது. அது அமைத்த குழு ஆராய்ந்ததில் உள்குத்தகை விவகாரம் வெளியே வந்தது. உரிமம் ஒருவர் பெயரில், அறைகளை நடத்துவது வேறு ஆட்கள். இப்படி இருக்கும் இடத்தில், நாலாம் அறையில் யார் இருந்தார்கள் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா? யாருக்கு நிவாரணம், யார் மேல் வழக்கு என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் தொங்குகிறது.

*

லினக்ஸ் கெர்னல் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமாக இருக்கிறது. சிபியுக்களுக்கு அது முக்கியமாக நான்கு பட்டியல் வைத்திருக்கிறது. எப்போதாவது வரக்கூடியவை, இப்போது மெஷினில் இருப்பவை, விழித்திருப்பவை, புது வேலை வாங்கத் தயாராக இருப்பவை. சாதாரண நாளில் நான்கும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் நான்கையும் ஒன்றாக நினைத்து எழுதிய ஸ்கிரிப்ட் வருஷக்கணக்கில் பழுதில்லாமல் ஓடும். பதிவேட்டின் பிழை வேலை நாளில் யாருக்கும் தெரியாது. எல்லாம் இடிந்து விழுந்த அன்றைக்குத்தான் தெரியும். அன்றைக்கு அதைத் திருத்த ஆள் இருக்காது.

விழித்திருப்பவர்களின் பட்டியல் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. பல ஆர்ம் மெஷின்களில் நிறுத்தச் சொல்லும் குறுக்கீடு மறைக்கக்கூடியது. காதைப் பொத்திக்கொண்டு மாட்டிக்கொண்ட சிபியுவுக்கு அது கேட்காது. பட்டியல்படி அது விழித்திருக்கிறது, நோட் எழுதவில்லை. மறுபடி வரிசை ஒன்று நகரும். கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் நாம் தேடிக்கொண்டிருக்கும் ஆளே அதுதான். இதற்குப் பிறகு கிராஷ் கருவி இன்னொரு படி எடுத்து வைத்தது. பட்டியலை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு சிபியுவின் நோட் இருக்க வேண்டிய இடத்துக்கும் நேரே போய், அங்கே உண்மையிலேயே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவது மாதிரி.

ஸ்கிரிப்டை எழுதியவர்களுக்கு நான் அனுப்பிய திருத்தம் இருபது வரிகூட இருக்காது. எட்டு சிபியு என்றால் அறிக்கையில் எப்போதும் எட்டு வரி. எழுதாதவற்றுக்கு எதிரே ‘ஆஃப்லைன்’ அல்லது ‘ஆன்லைன், பதில் இல்லை’ என்று இரண்டில் ஒன்று. காலி இடத்தைக் காலியாகவே காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதை மூடி மறைத்து அழகாக அடுக்கினால், இல்லாதவனுக்கும் நியாயம் இல்லை, இருந்தவனுக்கும் நியாயம் இல்லை.

சித்திக்கு அனுப்ப அப்படி ஒரு திருத்தம் என்னிடம் இல்லை. அந்த அக்காவின் பெயரோடு உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி போர்மேனிடம் கேளுங்கள் என்றேன். கேட்டால் இரண்டு பேரையும் நிறுத்திவிடுவார்கள் என்றார். அதுவும் உண்மைதான். திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே ஆலை வேன் தெருமுனைக்கு வந்தது. அதில் அன்றைக்கு யார் யார் ஏறினார்கள் என்று கேட்டால் டிரைவர் ஆள் ஆளாகச் சொல்வார். அவரிடம் நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது.