ரிசல்ட் நாளில் நடந்த வாலிபர் முகாம்... திரும்பி நின்ற அக்கா!

பெரிய முறுக்கு டின் ஒன்று. அதற்குள் 38 செல்போன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர் எழுதி ஒட்டிய வெள்ளை பிளாஸ்திரி. அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அத்தனை பேருடைய கண்களும் அந்த டின் மீதுதான் இருந்தன.

திருச்செந்தூர் பக்கம், செம்மணல் தேரியை ஒட்டிய ஒரு பள்ளி விடுதி. கோடை விடுமுறையில் ஆளில்லாமல் கிடக்கும் அந்தக் கட்டடத்தில் ஒரு சேகரத்தின் வாலிபர் முகாம் நடந்துகொண்டிருந்தது. வந்திருந்த 58 பேரில் 21 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள். அன்று 9.30 மணிக்கு ரிசல்ட்.

முகாமுக்கான தேதியை பிப்ரவரியிலேயே குறித்தாகிவிட்டது. ரிசல்ட் தேதி பிறகுதான் வந்து நடுவில் விழுந்தது. ``அன்னைக்குப் பிள்ளைங்க வீட்டுல இருக்கிறதுதானே நல்லது?'' என்று சேகரகுரு கேட்டார். முகாமை நடத்தும் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்... ``சில வீட்டுல நல்லதுதான் ஐயா. எல்லா வீட்டுலயும் இல்ல.''

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரை ஒவ்வொருவராக போனில் அழைத்து சம்மதம் கேட்டார். இரண்டு வீடுகளில் மறுத்துவிட்டார்கள். மற்றவர்கள் அனுப்பினார்கள்.

அண்ணனுக்கு வயது 42. கூட்டுறவு வங்கியில் வேலை. தலை பாதி நரைத்துவிட்டது என்றாலும், 13 வயதுப் பிள்ளைக்கும் அவர் அண்ணன்தான். வாலிப ஊழியத்தில் அதுதான் வழக்கம். 14 வருடங்களாக மே மாதத்தில் அவர் எடுக்கும் மொத்த விடுமுறையும் இந்த முகாமுக்கே போய்விடுகிறது.

வி.பி.எஸ்-க்குப் பெரியவன், வாலிபர் சங்கத்துக்குச் சின்னவன்

தென்மாவட்ட கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்குக் கோடை விடுமுறை என்றால் வி.பி.எஸ்தான். விடுமுறை வேதாகமப் பள்ளி. கையசைத்துப் பாடும் பாட்டு, கதை, மனப்பாட வசனம், வண்ணக் காகித வேலை, கடைசி நாள் தெருவில் ஊர்வலம், மேடையில் நிகழ்ச்சி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது திருவிழா.

அதே பிள்ளைக்கு 14 வயதாகும்போது கையசைத்துப் பாட வெட்கம் வந்துவிடுகிறது. திடப்படுத்தல் ஆராதனையில் பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்ததோடு ஞாயிறு பள்ளி முடிந்தது என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். வாலிபர் சங்கத்துக்குப் போனால் அங்கே கல்லூரி முடித்தவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒட்டாமல் ஆலயத்தின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், செல்போனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பெரியவர்கள் போவது இந்த ஊழியத்தில் புதிதல்ல. 1780-ல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியது, வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக. வேதத்தோடு எழுத்தும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்தார்கள். 1868-ல் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில், விடுமுறைக்கு வந்திருந்த குழந்தைகளைக் கூட்டி, மணலில் பெரிய எழுத்தில் ஒரு வாசகத்தை எழுதி, அதைக் கிளிஞ்சல்களால் அலங்கரிக்கச் சொன்னார். `ஸ்கிரிப்சர் யூனியன்' அமைப்பின் கடற்கரை ஊழியம் அப்படித்தான் தொடங்கியது. தேரியை ஒட்டிய இந்த ஊர்களும் சின்ன வரலாறு கொண்டவை அல்ல. பக்கத்தில் இருக்கும் முதலூர் கிறிஸ்தவக் குடியிருப்பாக உருவானது 1799-ல்.

ஆலயங்களுக்கு வயது இருநூறு ஆகலாம். ஆனால், ஒவ்வொரு பதினைந்து வயதுக்கும் எல்லாமே புதிதாகத்தான் ஆரம்பிக்கிறது. முகாம் அந்த வயதுக்காகத்தான்.

கேள்விப் பெட்டியில் விழுந்த சீட்டுகள்

காலை 5.30-க்கு மணி அடிக்கும். முகம் கழுவிவிட்டு, வேதாகமத்தோடு ஆளுக்கொரு மரத்தடியில் அரை மணி நேரம் `அமைதி நேரம்'. முதல் நாள் பாதிப் பேர் மரத்தில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். அண்ணன் யாரையும் எழுப்பவில்லை. பிறகு பாட்டு, வேத ஆராய்ச்சி, குழுக் கலந்துரையாடல். மாலையில் பையன்களுக்கு கபடி, பெண்களுக்கு த்ரோபால். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவ வேண்டும். வீட்டில் தட்டை நகர்த்தி வைத்தும் பழகாத பையன்கள் சாம்பல் நிற சோப்பை எவ்வளவு தொடுவது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்து, சமையல்கார அம்மா சிரித்து மாளவில்லை. ஒருநாள் பதநீர், ஒருநாள் நுங்கு.

குழுக்களுக்கு யோர்தான், கர்மேல், எர்மோன் என்று பெயர். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அண்ணன், ஓர் அக்கா.

ஹாலின் மூலையில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. பெயர் எழுதாமல் என்ன கேள்வி வேண்டுமானாலும் போடலாம். முதல் நாள் `ஜெபம் பண்ணும்போது தூக்கம் வருது, என்ன செய்ய?' போன்ற சீட்டுகள். இரண்டாம் நாள் `காதலிப்பது பாவமா?' என்று நான்கு கையெழுத்துகளில். மூன்றாம் நாள் இரவில்தான் பெட்டி கனத்தது. `அப்பா குடிக்கிறார். நான் ஜெபிக்கிறேன். இன்னும் எத்தனை வருஷம் ஜெபிக்கணும்?' `ஃபெயில் ஆகிட்டா சாமி என்னைப் பிடிக்காதுன்னு அர்த்தமா?'

கடைசி சீட்டை அண்ணன் இரண்டு முறை படித்தார். மறுநாள்தான் ரிசல்ட்.

மூன்று முறை எழுந்து வந்த பையன்

வெள்ளிக்கிழமை காலை வேத ஆராய்ச்சிக்குச் சிறுவன் சாமுவேலின் கதை. இரவில் தன்னைக் கூப்பிடும் குரல் கேட்டு, ஆசாரியன் ஏலிதான் கூப்பிட்டார் என்று நினைத்து ஓடிப்போய் நிற்கிறான் பையன். `நான் கூப்பிடவில்லை, போய்ப் படு' என்கிறார் ஏலி. மறுபடியும் வருகிறான். மறுபடியும் அனுப்புகிறார். மூன்றாவது முறைதான் அவனைக் கூப்பிடுவது யார் என்று அந்தக் கிழவருக்குப் புரிகிறது.

``சாமுவேல் பெரிய தீர்க்கதரிசி ஆனார்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா, தூக்கத்தைக் கெடுத்து மூணு தடவை எழுப்பின பையன்மேல எரிஞ்சு விழாத ஒரு பெரியவர் அங்க இருந்தார். அதையும் கவனிங்க'' என்று முடித்தார் அண்ணன்.

9.30 ஆனது. யாருடைய மார்க்கும் ஹாலில் சத்தமாகச் சொல்லப்படாது, யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது என்பது ஏற்பாடு. ஒவ்வொருவராக வேப்பமரத்தடிக்கு வர வேண்டும். குழுவின் அக்காவோ அண்ணனோ அவர்கள் போனை எடுத்துக் கொடுப்பார்கள். பதிவெண், பிறந்த தேதி. பார்த்துவிட்டு வீட்டுக்குப் பேசலாம்.

யோர்தான் குழுவில் ஒரு பையன். அப்பா உப்பு லாரி ஓட்டுகிறார். நான்கு நாள்களில் அவன் பேசியதை எண்ணினால் பத்து வாக்கியம் தேறாது. அவனிடம் போனைக் கொடுத்த அக்கா, எம்.எஸ்ஸி கணிதம் படிக்கிறவர். ``பார்த்துட்டு நீயா சொல்லு. சொல்லத் தோணலைன்னாலும் பரவால்ல'' என்றவர், அவனுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹாலுக்குள்ளிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே சிரிக்கும் சத்தம் கேட்டது. அக்கா திரும்பவில்லை. ரொம்ப நேரம் கழித்து, ``கணக்கு போயிடுச்சு அக்கா'' என்றான். 27. தேவை 35.

``வீட்டுக்கு நீ பேசுறியா... நாங்க பேசட்டுமா?''

``அப்பாட்ட நீங்க பேசுங்க.''

அண்ணன் பேசினார். மறுமுனையில் சத்தம் மரத்தடி வரை கேட்டது. ``ஜெபம் பண்ணப் போன லட்சணம் இதானா?''

கொடியில் தொங்கிய துண்டு

நான்கு மணிக்கு பைக்கில் அப்பா வந்துவிட்டார். ``நாளைக்கு மத்தியானம் முகாம் முடிஞ்சிடும் அண்ணாச்சி. அதுவரைக்கும் இருக்கட்டுமே'' என்று அண்ணன் கெஞ்சாத குறையாகக் கேட்டார். ``பாட்டுப் பாடினது போதும் தம்பி'' என்றார் அப்பா. பையன் பையைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்தபடி பின்னால் ஏறினான். காயப்போட்டிருந்த துண்டு கொடியிலேயே கிடந்தது.

அன்று இரவு கேம்ப் ஃபயர். முகாமின் உச்சம் என்று சொல்வார்கள். நெருப்பு, மெல்லிய கிட்டார், பாட்டு. பிள்ளைகள் அழுவார்கள். `இனி புது வாழ்க்கை' என்று எழுந்து நிற்பார்கள். 14 வருடங்களாக அப்படி எழுந்து நின்றவர்களின் பெயர்களை அண்ணன் நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார். அன்று இரவு அவருக்கு உறைத்த விஷயம் வேறு. அந்தப் பெயர்களில் பாதிப் பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது. நெருப்பு அணைந்ததும் அவரும் வீட்டுக்குப் போயிருக்கிறார். யாருக்கு அன்று அந்த வெளிச்சம் தேவையோ, அவன் அங்கே இல்லை.

ஐந்து நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொண்டார். யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை.

திங்கள்கிழமை மாலை, அந்தத் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு அண்ணனும் அக்காவும் பையன் வீட்டுக்குப் போனார்கள். துண்டு ஒரு சாக்குதான். அம்மா டீ போட்டுக் கொடுத்தார். அப்பா லோடுக்குப் போயிருந்தார். புதன்கிழமை மறுபடியும் போனார்கள். அப்பா இருந்தார். அவரிடம் வேதம் எதுவும் பேசவில்லை. ஜூலையில் துணைத் தேர்வு இருக்கிறது, அதில் தேறினால் வருடம் வீணாகாமல் பிளஸ் ஒன் சேரலாம், விண்ணப்பிக்கக் கொஞ்ச நாள்கள்தான் அவகாசம்... இவ்வளவுதான்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரை ஆலய வராண்டாவில் கணக்கு. கரும்பலகையை அண்ணன் எங்கிருந்தோ தூக்கி வந்தார். அதே தெருவில் கணக்கில் தோற்ற இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். அதில் ஒரு பெண் இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவள். அக்கா முதலில் அவள் அம்மாவைப் போய்ப் பார்த்து, ``கணக்கு மட்டும்தான்க்கா சொல்லித்தருவேன்'' என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னபடியே நடந்துகொண்டார்.

துணைத் தேர்வில் மூவரும் தேறினார்கள். உப்பு லாரிக்காரர் மகனுக்கு 43.

அனுப்பும் முன் கேளுங்கள்

பிள்ளையை முகாமுக்கு அனுப்ப யோசிக்கும் பெற்றோர், யார் பேசுகிறார்கள் என்று நோட்டீஸில் பார்ப்பதைவிட வேறு சில கேள்விகளைக் கேட்பது நல்லது. பையன்களும் பெண்களும் தங்கும் இடம் தனித்தனியா? இரவில் பொறுப்பில் இருப்பவர்கள் யார்? பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம்? கடலிலோ கிணற்றிலோ குளிக்க அழைத்துப் போவார்களா? மூடிய அறைக்குள் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறதா? எழுந்து நிற்கவோ, எல்லோர் முன்னிலும் சொந்த விஷயத்தைச் சொல்லவோ கட்டாயப்படுத்துவார்களா?

இந்த முகாமில் குழுத் தலைவர்களுக்கு அண்ணன் முதலில் சொல்லித்தருவதும் ஒரு விதிதான். `யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பற்றிச் சொன்னால், அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஹால் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு. முகாம் முடிந்த அடுத்த திங்கள்கிழமை இவர்கள் என்ன செய்வார்கள்? நான்கு நாள் சந்தோஷத்தை யாரும் தந்துவிடலாம். அப்பா, அம்மா, டீச்சர் தவிர, தன்னைத் தேடி வர இன்னொரு பெரியவர் இருக்கிறார் என்ற தைரியம், 15 வயதில் கிடைக்க வேண்டிய பெரிய சொத்து. ஒரு முகாமின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. இப்போது அண்ணனின் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது. கடைசியாக வீட்டுக்குப் போன தேதி.

அடுத்த வருட முகாமுக்கு அந்தப் பையன் தானாகவே பெயர் கொடுத்தான். போன வருட முகாமில் மனதில் நின்றது என்ன என்று அறிமுக வட்டத்தில் எல்லோரிடமும் கேட்டார்கள். பாட்டு என்றார்கள், கேம்ப் ஃபயர் என்றார்கள், நுங்கு என்றார்கள். அவன் முறை வந்தபோது, ``ரிசல்ட் பார்க்கும்போது அக்கா திரும்பி நின்னாங்க'' என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அவனை முகாமில் கொண்டுவந்து விட்டது அப்பாதான். ஹாலுக்குள் வரவில்லை. சமையற்கட்டு வாசலில் ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சமையல்கார அம்மா பிரித்துப் பார்த்தார். உப்பு.

``எய்யா, இது மூணு வருஷ முகாமுக்குக் காணுமே!'' என்றார்.