மழைக்காலத்து வேதபாட வகுப்பு

ஜூன் மாதம் வந்தால் மும்பையில் ஞாயிறு வகுப்பு எடுக்கிற நம்ம ஆட்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "மழைப் பாடத்துக்கு பிள்ளைகளை என்ன செய்ய வைக்கலாம்?" வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் பஞ்சில் மேகம், நூலில் தொங்கும் மழைத்துளி, பேப்பர் தட்டில் வானவில் என்று அழகழகாக இருக்கும். செய்யலாம், தப்பில்லை. ஆனால் செம்பூர், மாட்டுங்கா, தாராவிப் பிள்ளைகளுக்கு மழையை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த மழையிலிருந்தே கதைக்குள் போகலாம். நான் பல வருஷமாகச் செய்து பார்த்ததில் நன்றாக வந்த சிலவற்றை எழுதுகிறேன்.

லோக்கல் ரயிலும் பேழையும்

நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். முழம் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குப் பூக்காரியிடம் வாங்கும் மல்லிகைதான் தெரியும். ஆளுக்கொரு நூலைக் கொடுத்து, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் கைக்கு ஒரு முழம் சுமார் 45 செ.மீ. பெருக்கிப் பார்த்தால் பேழை 135 மீட்டர். பன்னிரண்டு பெட்டி லோக்கல் ரயில் சுமார் 260 மீட்டர். அதில் பாதிதான் பேழை என்றதும் பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள் :)

அடுத்து, கீல் பூசுவது. ஒரே அளவில் இரண்டு அட்டைப் பெட்டிகள். ஒன்றுக்கு மட்டும் உள்ளேயும் வெளியேயும் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்துவிட்டு, இரண்டையும் வாளித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். எது முதலில் ஊறி அமிழ்கிறது என்று பார்க்கட்டும். தாராவிப் பிள்ளைக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். மே மாதக் கடைசியில் அப்பா கூரைமேல் ஏறி நீலத் தாட்பத்ரியை இழுத்துக் கட்டுவதும், ஓட்டைக்குத் தார் பூசுவதும் அவன் வருஷா வருஷம் பார்ப்பது. மழைக்கு முன்பே நோவா செய்ததும் அந்த வேலைதான்.

ஏழு தரம் ஜன்னலுக்கு

எலியா கதைக்கு ஒரு பிள்ளையை ஜன்னலுக்கு அனுப்புங்கள். ஆறு தரம் "ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வரவேண்டும். ஏழாவது தரம் உள்ளங்கையளவு மேகம். உடனே வகுப்பு முழுக்க மழை பெய்யும். முதலில் உள்ளங்கைகளைத் தேய்ப்பது, பிறகு விரல் சொடுக்குவது, அப்புறம் தொடையில் தட்டுவது, கடைசியில் காலால் தரையை மிதிப்பது. அதே வரிசையில் திரும்பி வந்தால் மழை ஓயும். செலவே கிடையாது. கீழ்வீட்டுக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்று வருஷத்துக்கு மேல் மழையில்லாத தேசம் அது என்பது மும்பையில் பிறந்த பிள்ளைக்குப் பிடிபடாது. அங்கேதான் ஊர் உதவிக்கு வரும். தாராவித் தமிழர்களில் பெரும்பகுதி நெல்லைச் சீமைக்காரர்கள். ஊரிலிருக்கும் ஆச்சிக்குப் போன் போட்டு, மழை தவறிய வருஷம் என்ன செய்தார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். எருசலேமிலும் மழை ஏறக்குறைய அக்டோபரில்தான் தொடங்கும், நம்ம ஊர் வடகிழக்குப் பருவமழை மாதிரி. விதைக்க முன்மாரி, கதிர் முற்றப் பின்மாரி. பிசானத்துக்கு மழை பார்த்து உட்கார்ந்திருந்த தாத்தாவுக்கு அந்த வார்த்தைகள் சட்டென்று புரியும்.

பாட்டில் மழைமானி

நேரான பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டித் தலைகீழாகச் சொருகி, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டி, மொட்டை மாடியில் வைத்தால் மழைமானி. பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருந்தால், அது மூடும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து பூஜ்யம். தினமும் ஒருவர் குறித்து வரட்டும். எருசலேமில் வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 550 மி.மீ.தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது. அதே நாளில் தெற்கே கொலாபாவில் 73 மி.மீ. அளவுதான்! சுவரில் 944 மி.மீ. உயரத்துக்குக் கோடு போட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். சின்னவர்களுக்கு நெஞ்சுக்கு வரும்.

மணல்மேல் வீடு

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எல்லாருக்கும் தெரிந்த செய்முறைதான். தட்டில் ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் கல், இரண்டின்மேலும் தீப்பெட்டி வீடு, மேலேயிருந்து ஒரு செம்பு தண்ணீர். மணல் வீடு சரியும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஒருமுறை ஒரு சின்னப் பையன் மட்டும் கை தட்டவில்லை. "அங்கிள், எங்க வீடு மணல்மேலயா இருக்கு?" என்று கேட்டான்.

என்ன சொல்வது? தாராவியில் பெரும்பகுதி கழிமுகச் சதுப்பு நிலம். பிழைக்க வந்தவர்கள் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கிக் குடியேறிய இடம். பக்கத்திலேயே மித்தி ஆறு. 2005-ல் தண்ணீர் வீட்டுக்குள் வந்த குடும்பங்கள் எத்தனையோ. இவர்கள் யாரும் புத்தியில்லாமல் அங்கே கட்டவில்லை, வேறு இடம் கிடைக்கவில்லை. அவனிடம் அதைத்தான் சொன்னேன். கதையில் வரும் மணல், கேட்டும் செய்யாத மனசைக் குறிக்கிறது, உங்கப்பா கட்டின வீட்டை இல்லை என்று. இந்தப் பாடம் எடுக்கும்போது யாராவது கேட்கும்வரை காத்திருக்காமல், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். கேட்காமல் மனசில் வைத்துக்கொள்ளும் பிள்ளைகள்தான் அதிகம்.

அதற்குப் பிறகு அந்தப் பாடத்தோடு ஒரு கைவேலையும் சேர்த்துக்கொண்டோம். பெட்ஷீட் வாங்கும்போது ஜிப் வைத்த கவர் ஒன்று வருமே, அதை ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்வோம். பிள்ளைகள் அதன்மேல் பேழையும் வானவில்லும் வரைந்து ஒட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், பழைய கரண்ட் பில் எல்லாவற்றையும் அதில் போட்டு உயரமான இடத்தில் வைக்கவேண்டும். இத்தனை வருஷமாக இங்கே குடியிருக்கிறோம் என்று காட்டுவதற்குக் குடிசைவாசிகளிடம் இருப்பது அந்தக் காகிதங்கள்தான். வெள்ளத்தில் அவை போனால் திரும்ப வாங்குவது எவ்வளவு அலைச்சல் என்று அலைந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் வகுப்பில் கேட்கும் முதல் கேள்வி, "பேழை எங்கே இருக்கு?" என்பதுதான். பரண், பீரோ மேல், சாமான் ஸ்டாண்டின் மேல்தட்டு என்று பதில்கள் வரும். எந்த வீட்டில் இன்னும் கீழே கிடக்கிறதோ, அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவோம்.