தம்பி வாங்கி வந்த ‘கூண்டு’ கார்

2025 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் அஜித் குமாரின் ரேஸ் கார் இன்னொரு காரோடு மோதி இரண்டு முறை உருண்டது. மனிதர் காயமில்லாமல் வெளியே வந்தார். அந்த வீடியோ வந்ததிலிருந்து தெள்ளாரில் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, ரோல் கேஜ். காருக்குள் இரும்புப் பைப்பால் கட்டும் பாதுகாப்புக் கூண்டு அது.

பேச்சோடு விட்டானா என் தம்பி? ஏற்கெனவே கூண்டு வெல்டிங் செய்த பழைய மாருதி 800 ஒன்றை வாங்கியே வந்துவிட்டான். இன்னும் நாலு பைப் சேர்த்து ‘ஸ்ட்ராங்’ பண்ணி, காஞ்சிபுரம் தாண்டி இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டணுமாம்.

பட்டறை வைத்திருக்கும் மாமா பைப்பைத் தொடவே இல்லை. காருக்கு அடியில் டார்ச்சோடு படுத்தார். “டேய், கூண்டு நல்லாத்தான் இருக்கு. அது நிக்கிற தரை வெறும் தகரம்டா” என்றார்.

கார் கவிழ்ந்தால் மொத்த எடையும் பைப்பின் கால்களில்தான் இறங்கும். கால் தகரத்தைக் குத்திக்கொண்டு போய்விட்டால், கூண்டும் கூரையும் சேர்ந்தே தலைமேல் இறங்கும். எஃப்.ஐ.ஏ. விதிப்படி முக்கிய வளைவின் கால் ஊன்றும் இடத்தில் 3 மி.மீ. கனத்தில், குறைந்தது 120 சதுர செ.மீ. அளவுக்குத் தகடு வேண்டும். அந்த வளைவே 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனமுள்ள சீம்லெஸ் பைப்பாகவோ, 50-க்கு 2 பைப்பாகவோ இருக்கணும். கேட்டுக்குப் போடும் பைப் இதற்கு ஆகாது.

அடுத்து மாமா, சவரக் கண்ணாடியைக் கூரைக்கும் பைப்புக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிகிற கீழ்ப்பக்கம் பளபளவென்று வெல்டிங். மேல்பக்கம் ஒன்றுமே இல்லை! கூரை இடிப்பதால் அங்கே கை நுழையாது. ரேஸ் கார் கட்டுபவர்கள் கூண்டைக் கீழே இறக்கியோ, கூரையை வெட்டியோ சுற்றிலும் பற்றவைப்பார்கள். அதை முடிக்காமல் மூலைகளுக்கு முக்கோணத் தகடு, குறுக்குப் பைப், கதவுப் பைப் எது சேர்த்தாலும் வீண் எடைதான்.

பாவு புணைத்துக்கொண்டிருந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வந்தவாசிக்கு இதுலயே போவியா? ஹெல்மெட் போடுவியா?”

எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. ரேஸில் ஹெல்மெட் உண்டு, உடம்பை இறுக்கும் பெல்ட் உண்டு, பைப்பின்மேல் பஞ்சுறை உண்டு. சாதாரண பெல்ட்டோடு ரோட்டில் போனால், சின்ன இடியிலும் வெறுந்தலை அந்தப் பைப்பில்தான் மோதும். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவும் ஏற்பதில்லை. ஜீப்பிலும் காரிலும் அழகுக்காகப் பைப் மாட்டித் திரிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கோபம்தான் வருகிறது.

எல்லாம் சரியாக இருந்தாலும் டிராக் டிராக்தான். அதே இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஜனவரியில், அனுபவசாலியான கே.இ. குமார் கார் பந்தய விபத்தில் உயிரிழந்தார். இதைச் சொன்னபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு, “கூரையை வெட்ட எவ்ளோ ஆகும் மாமா?” என்றான்.

கார் இப்போது தறிக்கொட்டகை ஓரமாக நிற்கிறது. சாவி அம்மாவின் சுருக்குப்பையில்.