ஒரு வருஷம் தள்ளி எழுதினேன்

செத்துப்போன ஒரு குழந்தையின் பிறந்த ஆண்டை நான் மாற்றி எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன்.

2006ஆம் ஆண்டு. மூன்றாவது தேசிய குடும்ப நல ஆய்வு. 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களிடம் பேட்டி எடுப்பது என் வேலை. அதில் பிறப்பு வரலாறு என்று ஒரு பகுதி. உயிரோடு பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் எழுத வேண்டும். ஒரு தடவை அழுதுவிட்டுக் கண்மூடியிருந்தாலும் எழுத வேண்டும். கடந்த ஐந்தாண்டுக்குள் பிறந்த குழந்தையென்றால் அதோடு முடியாது. கர்ப்பத்தில் எத்தனை முறை பரிசோதனை, பிரசவம் எங்கே, யார் பார்த்தது என்று பக்கம் பக்கமாக நீளும். ஐந்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கங்கள் மிச்சம்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு வீடு. "மாசி மகத்துக்கு மறுநாள் பொறந்தான் டீச்சர். பதினோரு நாள் இருந்தான்" என்றார் அந்தத் தாய். உயிரோடிருக்கும் பிள்ளையின் வயதே பலருக்குத் தோராயமாகத்தான் வரும். ஆடியா ஆவணியா, தேர்தலுக்கு முன்னா பின்னா என்று கேட்டுக் கேட்டுத்தான் ஆண்டைப் பிடிப்போம். இவரிடம் அந்தப் பாடே இல்லை. ஆண்டையும் சொன்னார். அது எல்லைக்குச் சற்றே உள்ளே வந்தது. நான் அதற்கு முந்தைய ஆண்டை எழுதினேன். "சரியா எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். "எழுதியாச்சுங்க" என்றேன்.

அவரை அழவைக்க மனம் வரவில்லை என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அவர் அழவில்லை. எல்லாம் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தார். வெளியே ஜீப் நின்றது. குழுவில் அதிகப் படிவம் முடிப்பவள் என்று எனக்கொரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது.

முந்தைய ஐந்தாண்டுப் பிறப்புகளை வைத்துத்தான் சிசு இறப்பு விகிதத்தைக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கிலிருந்து அந்தப் பையனை வெளியே தள்ளினேன். இந்தப் பக்கம் ஒரு சாவு குறைந்தது; பழைய கணக்கில் ஒன்று கூடியது. நிலைமை வேகமாகத் தேறுவதுபோல் காட்டும் வித்தை இது. அவன் ஏன் பிழைக்கவில்லை என்பதற்குத் தடயம் தந்திருக்கக்கூடிய பதில்கள் எங்கும் பதிவாகவில்லை.

தமிழ்நாட்டில் 1998-99 ஆய்வில் ஆயிரம் பிறப்புக்கு 48 என்றிருந்த விகிதம், எங்கள் ஆய்வில் 30. இறக்கம் உண்மையானதுதான். என் ஒரு படிவத்தால் அது அசையாது. ஆனால் நான் ஒரு படிவத்தோடு நிற்கவில்லை. எனக்குப் பின் சேர்ந்த பெண்களுக்கும் இந்தக் குறுக்குவழியைச் சொல்லிக்கொடுத்தேன். அனுபவசாலி அல்லவா!

படிவத்தைச் சரிபார்த்தவர் டிக் போட்டார். கூட்டல் பிசகாமல் இருந்தது. அன்று மாலையே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன். சம்பளத்தை முழுதாக வாங்கிக்கொண்டேன்.

இன்று களத்தில் மேற்பார்வை செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறந்த குழந்தையின் பிறந்த தேதி எல்லைக்கு வெளியே ஒட்டினாற்போல் நிற்கும் படிவத்தைக் கண்டால், அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போங்கள். பேட்டி எடுத்தவளிடம் கேட்காதீர்கள். தாயிடம் கேளுங்கள்.